பனியன் கடைக்கு எந்த ஃப்ரேம்வொர்க்?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆன்லைன் கடை எழுதப்போகிறோம். முதலில் டி-ஷர்ட் மட்டும். பிறகு மொத்த விற்பனை, சென்னிமலை போர்வை, பவானி ஜமக்காளம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டுங்க. எழுதுவது இரண்டே பேர். ஒருவருக்குப் பைத்தான் நன்றாக வரும், இன்னொருவருக்குப் பிஎச்பியும் பைத்தானும் ஓரளவு தெரியும். நோட் ஜேஎஸ்ஸில் மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியே ஓடும் சின்னச் சின்ன நிரல்களாகப் பிரித்தால்தான் பின்னால் வளரும் என்கிறார்கள். ஜாங்கோ (பைத்தான்), லாராவெல் (பிஎச்பி), நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) – எதை அடித்தளமாக எடுப்பது?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஜாங்கோ எடுங்கள். மைக்ரோசர்வீஸ் வேண்டாம். இருப்பு ஒரு சர்வரிலும் ஆர்டர் இன்னொரு சர்வரிலும் தனித்தனி டேட்டாபேஸோடு ஓடினால், ஆர்டர் பதிவாகி ஸ்டாக் குறையாமல் நின்றுபோகும் ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் நீங்களே தனியாக நிரல் எழுத வேண்டும். ஒரே டேட்டாபேஸில் அது ஒரே டிரான்ஸாக்‌ஷன்: எல்லாம் பதிவாகும், அல்லது எதுவுமே பதிவாகாது.

ஜாங்கோவில் அட்மின் பக்கம் கூடவே வருகிறது. குடோனில் இருப்பவர் கலர், சைஸ், விலையை முதல் வாரத்திலேயே ஏற்றத் தொடங்கலாம். 5.2 பதிப்புக்கு 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். லாராவெலும் நல்ல தேர்வுதான். மெயில், பில் அனுப்பும் பின்னணி வேலைக்கான க்யூ அதில் உள்ளேயே இருக்கிறது, ஜாங்கோவில் பெரும்பாலும் செலரி என்ற தனி மென்பொருளைச் சேர்க்க வேண்டியிருக்கும். இருவருக்கும் பிஎச்பி கைவந்திருந்தால் லாராவெலையே சொல்லியிருப்போம்.

ஆனால் எந்த ஃப்ரேம்வொர்க் எடுத்தாலும் நிரல் தானாகத் தனித்தனிப் பகுதிகளாக (மாடுலர்) பிரியாது. பொருள் பட்டியல், இருப்பு, ஆர்டர், பணம், வரி, அனுப்புதல் ஆகிய ஆறையும் தனித்தனி ஜாங்கோ ஆப்பாக வையுங்கள். ஒரு ஆப் இன்னொன்றின் டேபிளை நேரடியாகத் தொடக்கூடாது. அந்த ஆப் வெளியே கொடுக்கும் நாலைந்து ஃபங்ஷன் வழியாக மட்டுமே கேட்க வேண்டும். ஆர்டர் இருப்பை இம்போர்ட் செய்து, இருப்பும் ஆர்டரை இம்போர்ட் செய்கிறதென்றால் ஆப்களைப் பிரிக்கும் எல்லை தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. ஜமக்காளம் சேர்க்கும் நாளில் அங்கேதான் சிக்கும்.

உங்கள் தொழிலில் பெரிய சிக்கல் செட். மொத்த வியாபாரி எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 என்று 6 பீஸ் செட்டாகக் கேட்பார். செட்டுக்குத் தனி ஸ்டாக் வைத்தால் சில்லறையும் மொத்தமும் ஒரே பீஸை இரண்டு முறை விற்றுவிடும். 8 கலர், 4 சைஸ் என்றால் இருப்பு டேபிளில் 32 வரிசை. இருப்பு அங்கே மட்டும் இருக்கட்டும். எத்தனை செட் தேறும் என்பதை அதிலிருந்து கணக்கிடுங்கள்.

வரியிலும் இதே செட்தான் இடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு பீஸ் ஒன்று 2500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 500 ரூபாய் பீஸ் ஆறு சேர்ந்த 3000 ரூபாய் செட்டைப் பில்லில் ஒரே பொருளாகப் போட்டால் சாஃப்ட்வேர் 18 சதவீதம் பிடித்துவிடும். பீஸ் வாரியாகப் பிரித்தே வரி போடுங்கள். விகிதத்தை நிரலுக்குள் எழுதாமல் எந்தத் தேதி முதல் எவ்வளவு என்று டேபிளில் வையுங்கள். ஆர்டர் விழும்போது விலை, எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான பொருள் குறியீடு), விகிதம் மூன்றையும் அந்த ஆர்டருக்குள் நகலெடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நாளை விலை மாற்றும்போது போன வருட பில்லும் மாறிப்போகும். கோவைக்குப் போகும் சரக்குக்கு மத்திய, மாநில ஜிஎஸ்டி பாதிப்பாதி, பாலக்காட்டுக்கு ஐஜிஎஸ்டி.

கடைசி ஒரு பீஸை இருவர் ஒரே நேரத்தில் வாங்குவதைத் தடுக்க, டிரான்ஸாக்‌ஷனுக்குள் ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ போட்டு அந்த வரிசையைப் பூட்டுங்கள். எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் அந்தப் பூட்டு வேலை செய்யாது, பிழையும் காட்டாது. அதனால் முதல் நாளிலிருந்தே போஸ்ட்கிரெஸில் சோதியுங்கள். தொகையை ஃப்ளோட்டில் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண்) வைக்காதீர்கள். டெசிமல், அல்லது பைசாவாக முழு எண்.

பணம் வந்ததற்கு வாடிக்கையாளரின் பிரவுசர் திரும்பிவருவதை நம்பக்கூடாது. பேமெண்ட் கேட்வே உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் செய்தியை (வெப்ஹூக்) அதன் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். அதே செய்தி சில நேரம் இரண்டு முறையும் வரும். ஒரே பேமெண்ட் எண் இரண்டு முறை பதிவாகாதபடி டேட்டாபேஸில் யுனீக் கட்டுப்பாடு போட்டிருந்தால் இரண்டாவது தானாக நின்றுவிடும்.

கேள்வி: மஞ்சள் தூள் 250 கிராம், 500 கிராம், 1 கிலோ, அதோடு இருபது மசாலாப் பொடிகள். இதற்கும் நிரல் எழுத வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாங்க. வேர்ட்பிரஸ்ஸும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் இணைப்பும் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மூன்று அளவுக்கும் பொதுவாக ஒரே ஸ்டாக் வைத்தால், 1 கிலோ விற்றாலும் 250 கிராம் விற்றாலும் அது ஒன்றுதான் குறைக்கும். பாக்கெட் போட்டு முடித்த பிறகு, அளவு வாரியாக எண்ணி, ஒவ்வொரு அளவுக்கும் தனி ஸ்டாக் ஏற்றுங்கள்.