காலால் தாளம் தட்டினால் தப்பா?

ஆறு மாதமாகக் கீபோர்டு பழகும் ஒரு வாசகர் கேட்கிறார்: "காலைத் தட்டிக்கொண்டே வாசித்தால்தான் எனக்குத் தாளம் சீராக நிற்கிறது. நிறுத்தினால் வேகம் ஓடிவிடுகிறது. ஆசிரியரோ ஆடாமல் வாசி என்கிறார். இந்தப் பழக்கத்தை விட்டுவிடட்டுமா?"

இப்போதைக்கு விட வேண்டாம். ஆனால் உங்கள் கால் தட்டுவது தாளத்தைத்தானா என்று பார்த்துவிடுங்கள். எளிதான இடத்தில் எல்லோருக்கும் கால் சீராகத்தான் போகும். விரல் திணறும் இடம் வந்ததும் காலும் கூடவே தயங்கினாலோ, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தட்டு என்று குதித்தாலோ, அது விரலுக்குப் பின்னால் ஓடுகிறது என்று அர்த்தம். போனைத் தரையில் சாய்த்து வைத்துக் காலை மட்டும் வீடியோ எடுங்கள். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தாளத்தை உணர்வது காதின் வேலை மட்டும் இல்லை. ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுத்திருப்பவர்கூட, அடி தெளிவாக விழும் தாளத்தைக் கேட்டால் அவர் மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. ஜெசிகா பிலிப்ஸ்-சில்வர், லாரல் டிரெய்னர் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அழுத்தமே இல்லாத ஒரே தாளத்தை ஏழு மாதக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். சிலரை இரண்டடிக்கு ஒருமுறையும், சிலரை மூன்றடிக்கு ஒருமுறையும் தூக்கிக் குதிக்க வைத்தார்கள். பிறகு, தான் குதித்த கணக்கிலேயே அழுத்தம் விழும் தாளத்தைத்தான் குழந்தைகள் அதிக நேரம் கேட்டன. பெரியவர் குதிப்பதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை.

சீரான இடைவெளியில் டிக் டிக் என்று ஒலிக்கும் கருவியான மெட்ரோனோமோடு சேர்ந்து தட்டச் சொன்னால் பெரும்பாலோர் ஒலிக்கு ஒரு நூலிழை முன்னதாகவே தட்டுவார்கள். ஒலி வரட்டும் என்று காத்திருந்தால் எப்போதும் தாமதம்தான். உடம்பு அடுத்த அடியை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. அடிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைக் கால் நிரப்பித் தருகிறது. அதனால் கால் கீழே விழுவதைவிட மேலே எழும் பாதியைக் கவனியுங்கள். நீங்கள் அவசரப்படுவது பெரும்பாலும் அங்கேதான். மெதுவான பாடல்கள் கடினமாக இருப்பதும் இந்த இடைவெளியால்தான். அது இரண்டு விநாடியை நெருங்கினால் எதிர்பார்ப்பே கைவிட்டுவிடும். அப்போது இடைவெளியை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து மனதுக்குள் எண்ண வேண்டும்.

பயிற்சி என்றால், முதலில் கீபோர்டை விட்டு எழுந்திருங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடி என்று வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டு வைத்து நடந்துகொண்டே பாடலின் தாளத்தை வாயால் சொல்லுங்கள். எடை காலுக்குக் கால் மாறும்போது கிடைக்கும் நிதானம் உட்கார்ந்து தட்டும்போது கிடைக்காது. பிறகு உட்கார்ந்து ஒரு கையால் மட்டும் வாசியுங்கள். அது சீரானதும் மெட்ரோனோமை 40 ஆக்குங்கள், உங்கள் வேகம் அதே 80தான். இப்போது ஒன்று விட்டு ஒரு அடி உங்கள் பொறுப்பு. ரொம்பச் சிரமமாக இருக்கும், பயப்படாதீர்கள்.

இதெல்லாம் சீரான பிறகு அசைவைச் சுருக்குங்கள். முழுக் காலுக்குப் பதில் குதிகால், அப்புறம் கட்டைவிரல் மட்டும். ஒரேயடியாக நிறுத்தினால் அசைவு வேறெங்காவது போய் ஒளிந்துகொள்ளும். நான் நெடுநாள் பல்லைக் கடித்துத் தாளம் எண்ணியிருக்கிறேன். தாடை வலித்த பிறகுதான் தெரிந்தது.

உங்கள் ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓங்கித் தட்டினால் தோள் இறுகும், அது விரலுக்கும் வரும். காலால் மிதிக்கும் பெடலைப் பழகும்போது வலது காலுக்கு வேறு வேலை வந்துவிடும். இப்போதே இடது காலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.