பலதும் தின்னும் இனம் வறட்சியில் ஏன் சாகிறது?

"பலவகை உணவு தின்னும் இனம்தானே வறட்சியில் தப்ப வேண்டும்? என் தரவில் அதுதான் அதிகம் சாகிறது, எங்கே தவறு?" என்று கேட்டிருக்கிறீர்கள். தரவைச் சந்தேகிப்பதற்கு முன் பக்கத்து இனம் என்ன தின்கிறது என்று பாருங்கள்.

பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவில் 1977 வறட்சியில் சின்ன விதைகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. மிஞ்சியதில் முக்கியமானது நெருஞ்சி வகை முள்காய். நடுத்தரத் தரைக் குருவி என்ற இனத்தில் அதை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. 2004 வாக்கில் மறுபடி வறட்சி. அதற்குள் பெரிய தரைக் குருவி என்ற இன்னொரு இனம் அங்கே குடியேறி, முள்காயைக் காலி செய்துகொண்டிருந்தது. இந்த முறை நடுத்தரத் தரைக் குருவிகளில் பெரிய அலகு உள்ளவை அதிகம் செத்தன, சின்ன அலகு உள்ளவை அதிகம் தப்பின. அதே இனம், அதே தீவு!

உணவுப் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதைவிட, கடைசியாக மிஞ்சும் உணவு யார் கைக்குப் போகிறது என்பதுதான் முக்கியம்.

அப்புறம், இனம் பலதும் தின்றால் அதிலுள்ள ஒவ்வொரு விலங்கும் பலதும் தின்கிறது என்று அர்த்தமில்லை. ஆண்டுச் சராசரியை விடுங்கள், வறண்ட மாதங்களை மட்டும் தனியே பிரித்து, இரண்டு இனத்தின் உணவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.