பண்டாரவளையில் மீன் குளத்துத் தண்ணீர் தினமும் குறைகிறது. சிறிய நீர்வீழ்ச்சியும் வைத்த சீமெந்துக் குளம். எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒழுக்குதானா என்று பாருங்கள். ஆடி மாதக் காற்றுக்கே தண்ணீர் கொஞ்சம் வற்றும். மழையில்லாத நாளில் ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றிக் குளத்துப் படியில் வையுங்கள். பம்ப்பை நிறுத்தி, இரண்டிலும் நீர்மட்டத்தைக் கோடிடுங்கள். 24 மணிநேரத்தில் இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது வெயிலும் காற்றும் செய்த வேலை. குளம் மட்டும் அதிகமாக இறங்கினால் தொட்டியில் வெடிப்பு. பம்ப் ஓடும்போது மட்டும் குறைந்தால் குழாயையும் நீர்வீழ்ச்சியின் ஓரங்களையும் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி நேரம் குற்றவாளி அங்கேதான்: பாசி அடைத்து, தண்ணீர் கல்லுக்குப் பின்னால் வழியும்.

தொட்டிதான் என்றால் மீன்களுக்குத் தேவையான ஆழம் இருக்கும்வரை தானாக இறங்க விடுங்கள். எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதை ஒட்டித்தான் ஓட்டை. அசையாத தண்ணீரில் சந்தேகமான கீறலருகே சாப்பாட்டுக் கலர் இரண்டு சொட்டு விட்டால், சாயம் நூல்போல உள்ளே இழுபடும். நம் சரிவு நிலத்தில் கீழ்ப்பக்கக் கட்டு ஈரமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மேலே பூசினால் நிற்காது. வெடிப்பை உளியால் அகலமாக்கி, தூசி கழுவி, நீர்க்கசிவை அடைக்கும் விரைவில் இறுகும் சீமெந்தை அழுத்தி நிரப்புங்கள். புதுச் சீமெந்தின் சுண்ணாம்பு மீனைக் கொன்றுவிடும். அதனால் சில தடவை நிரப்பி வெளியேற்றிய பிறகே மீனை விடுங்கள்.