வாசகர் கேள்வி – பதில்: உறிஞ்சுகுழலும் அதற்கு மாற்றும்

எங்கள் ஊர் இளநீர்க் கடையில் இன்னமும் பிளாஸ்டிக் ஸ்ட்ராதான் தருகிறார்கள். கேட்டால், "இது கெட்டியான ரகம், தடை இதற்குக் கிடையாது" என்கிறார் கடைக்காரர். அப்படி ஒரு விலக்கு உண்டா?
– வாசகர், தென்காசி

இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் உறிஞ்சுகுழலும் ஒன்று. தடிமன் எதுவானாலும் தடை பொருந்தும். 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் விதிகளும் அதன் தயாரிப்பு, இருப்பு, விற்பனை, பயன்பாடு அனைத்தையும் நாடு முழுவதும் தடுத்துவிட்டன. தடிமனை அளக்கும் மைக்ரான் கணக்கு மத்திய விதிகளில் பிளாஸ்டிக் தூக்குப்பைகளுக்குச் சொல்லப்பட்டது. உங்கள் கடைக்காரர் அதையும் இதையும் குழப்பிக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம். குழலைத் தயாரித்துச் சந்தைக்கு அனுப்புகிறவரை விட்டுவிட்டுத் தள்ளுவண்டிக்காரரிடம் மட்டும் அபராதம் வசூலிப்பதால் பெரிதாக எதுவும் மாறிவிடாது என்பது என் எண்ணம்.

கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் ஸ்ட்ராவின் பங்கு மிகக் குறைவு என்கிறார்களே, பிறகு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? காகித ஸ்ட்ராவிலும் ரசாயனம் இருக்கிறதாமே?
– வாசகி, மதுரை

இரண்டுமே உண்மைதான். எடையை வைத்துப் பார்த்தால் கடல் குப்பையில் இதன் பங்கு அற்பம். ஆனால், அரை கிராம்கூடத் தேறாத இந்த எடைதான் சிக்கலுக்கும் காரணம். பெரும்பாலான குழல்கள் பாலிப்ரொப்பிலீனால் ஆனவை; அதை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம் என்றாலும், எத்தனை பொறுக்கிச் சேர்த்தாலும் எடை நிற்காத பொருளைக் காயலான் கடையில் யாரும் வாங்குவதில்லை. ஆகவே அது சாக்கடை வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போய், வெயிலில் நொறுங்கி நுண்துகளாகிறது. 2015இல் கோஸ்டா ரிகா கடலில் ஓர் ஆமையின் மூக்குத் துளையிலிருந்து ஆய்வாளர்கள் குழல் ஒன்றை இடுக்கியால் இழுத்தெடுத்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது, ஆண்டுதோறும் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையின் இனம்.

மாற்றுகளைப் பொறுத்தவரை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 39 வகைக் குழல்களைச் சோதித்து 2023இல் வெளியிட்ட முடிவில், 20 காகித வகைகளில் 18இல், எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் இருந்தன. அளவு குறைவு என்பதால் எப்போதோ ஒருமுறை குடிப்பவர் பயப்பட வேண்டியதில்லை; ஆனால், 'இயற்கையானது' என்ற அட்டையை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பிஎல்ஏ குழலும் ஆலைகளில் உயர்ந்த வெப்பத்தில்தான் மட்குமே தவிர, தெருவோரத்திலோ கடலிலோ விரைவில் மட்காது. அதே ஆய்வில் ஸ்டீல் குழல்களில் மட்டும் இந்த ரசாயனம் காணப்படவில்லை. உதிர்ந்த தென்னை ஓலையிலிருந்து குழல் செய்யும் முறையைப் பெங்களூரு கிறைஸ்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாஜி வர்கீஸ் உருவாக்கியிருக்கிறார். ஓலைக்குப் பஞ்சமில்லாத நம் பக்கத்துக்கு அது பொருத்தமான மாற்று.

ஆனாலும், இளநீரை அண்ணாந்து குடித்துவிட்டு, கடைக்காரர் மட்டையிலிருந்தே சீவித் தரும் துண்டால் வழுக்கையை வழித்துத் தின்று பழகியவர்களுக்கு எந்த மாற்றும் தேவைப்பட்டதில்லை. கை கால் திடமாக இருப்பவர்கள் குழல் இல்லாமலே குடிப்பதுதான் முதல் வழி என்பேன். மற்றவை அதற்குப் பிறகுதான்.

பக்கவாதம் வந்த என் மாமனாருக்கு வளையும் ஸ்ட்ரா இல்லாமல் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை. நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

இத்தகைய தேவையை மனத்தில் கொண்டுதான் இங்கிலாந்து 2020இல் தடை கொண்டுவந்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு அளித்தது. உங்களுக்கு ஏற்றது சிலிகான் குழல்: வளையும், கொதிநீரைத் தாங்கும், பல்லில் பட்டாலும் வலிக்காது. கை நடுங்குபவருக்கு ஸ்டீல் குழல் வேண்டாம், வாயில் குத்திவிடும். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு விழுங்குவது சிரமமாகி, உறிஞ்சும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுவதுண்டு; எனவே அவர் குழலால் குடிக்கலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் குழலின் உட்புறத்தை மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். குறிப்பாகப் பாலோ கஞ்சியோ கொடுத்த பிறகு, காயும்வரை விட்டுவைக்காதீர்கள்.