மகளுக்கு எர்லி டிசிஷன், அப்பாவுக்கு மூன்றாவது 401கே கடன்

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். எச்-1பி வேலை விசாவில் ஐடி வேலை, ஆண்டுச் சம்பளம் 1,65,000 டாலர். மனைவி எச்-4 (துணைவருக்கான விசா) அனுமதியில் வேலை பார்த்து 45,000 கொண்டுவருகிறார். இங்கேயே பிறந்த மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு எர்லி டிசிஷனில் (ஈடி: இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற முன்கூட்டிய விண்ணப்பம்) விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள். இடம் கிடைக்குமா என்ற கவலையில் தூக்கமே வருவதில்லை. போன வருடம் என் சகலையின் மகனுக்கு ஈடியில்தான் கிடைத்தது. "ஈடி போட்டு, நல்ல கன்சல்டன்ட்டும் வச்சுட்டா பாதி உள்ளே போன மாதிரி" என்கிறார் அவர். 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து இரண்டு வருடம் முன்பு 15,000 (கோடை முகாம், எஸ்ஏடி தேர்வுப் பயிற்சி), இந்த வருடம் 12,000 (கன்சல்டன்ட்) கடன் எடுத்தேன். இப்போது அதே கன்சல்டன்ட், கட்டுரைகளுக்கான 'பிரீமியம்' திட்டத்துக்கு 14,000 கேட்கிறார். தவணை கட்டுவதற்காக 401கே பிடித்தத்தை 3 சதவீதமாகக் குறைத்துவிட்டேன். நான் போடும் அளவுக்கு நிறுவனமும் சம்பளத்தில் 5 சதவீதம் வரை சமமாகப் போடும். 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் 60,000 இருக்கிறது. எல்லாச் செலவும் போக மாதம் 1,700 மிஞ்சும். வேளச்சேரியில் வாடகைக்கு விட்ட ஃபிளாட் ஒன்று உண்டு, 1.1 கோடி ரூபாய் போகும். மூன்றாவது கடன் எடுக்கலாமா? தமிழ்ச் சங்க நண்பர் ஒருவர் ஐயுஎல் பாலிசி (பங்குக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) எடுக்கச் சொல்கிறார். அது சரிவருமா?

பதில்: மூன்றாவது கடன் வேண்டாம். கன்சல்டன்ட்டுக்கு இன்றே பதில் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஈடி கெடுவான நவம்பர் 1 நெருங்க நெருங்க உங்கள் மனம் இளகிவிடும்.

ஈடி என்றால் என்ன, ரெகுலர் என்ற வழக்கமான, கட்டுப்படுத்தாத விண்ணப்பம் என்றால் என்ன, எந்தப் படிவம் எப்போது திறக்கும் என்பதெல்லாம் இந்நேரம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறு விஷயம். மகளின் படிப்பை நினைத்துப் பயம் வரும்போதெல்லாம் 401கேயைத் திறக்கிறீர்கள். முகாமுக்கு ஒரு முறை, கன்சல்டன்ட்டுக்கு ஒரு முறை, இப்போது கட்டுரைக்கு. இதில் ஒரு டாலர்கூடக் கல்லூரிக் கட்டணமாகப் போகவில்லை. கல்லூரி வாசலுக்கு வரும் முன்பே 27,000 கடன் எடுத்தாகிவிட்டது.

"நம்ம பணம், நமக்கே வட்டி கட்டுறோம்" என்று பலரும் சொல்வார்கள், நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்த 27,000 வெளியே இருக்கும் வரை சந்தையில் வளரவில்லை. தவணையை வரி கட்டிய சம்பளத்திலிருந்து கட்டுகிறீர்கள். அதில் வட்டியாகப் போகும் பகுதிக்கு ஓய்வு காலத்தில் எடுக்கும்போது மறுபடியும் வரி உண்டு. இதைவிடப் பெரிய நஷ்டம், நீங்கள் அடைப்புக்குறிக்குள் போடவேண்டிய சின்ன விஷயம்போலச் சொல்லிவிட்டுப் போன பிடித்தக் குறைப்பு. 5 சதவீதம் வரை நிறுவனம் சமமாகப் போடும்போது நீங்கள் 3 சதவீதத்தில் நின்றால், 2 சதவீதம் கைவிட்டுப் போகிறது. 1,65,000க்கு 2 சதவீதம் 3,300 டாலர். வருடா வருடம் சும்மா கிடைக்கும் இந்தப் பணத்தை, கடன் தவணை கட்டுவதற்காக வேண்டாம் என்கிறீர்கள். நெருப்பை அணைக்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, சொல்லாமல் விடவும் முடியாது. முதல் இரண்டு கடனில் பாக்கி சுமார் 20,000 இருக்கும். 14,000 சேர்த்தால் 34,000. எச்-1பியில் வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள். அந்த நெருக்கடியில், அந்த ஆண்டின் வரித் தாக்கல் கெடுவுக்குள் இந்த 34,000ஐயும் திருப்பிப் போட முடியாவிட்டால், அதைப் பணம் எடுத்ததாகவே கணக்கில் கொள்வார்கள். 10 சதவீத அபராதம் 3,400. கூட்டு வருமான வரி 22 சதவீதம் என்று வைத்தால் சுமார் 7,500. மாநில வரி தனி. வேலை இல்லாத வீட்டில் கிட்டத்தட்ட 11,000 டாலர் கூடுதல் சுமை. கட்டுரை திருத்துவதற்காக இந்த ஆபத்தை வாங்க வேண்டுமா?

சரி, ஈடிக்கு வருவோம். சகலை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2024ல் சேர்ந்த வகுப்புக்கு பிரவுனில் ஈடி விண்ணப்பங்கள் 6,251, இடம் பெற்றவர்கள் 898. நூற்றுக்குச் சுமார் 14 பேர். எல்லா விண்ணப்பங்களையும் சேர்த்தால் நூற்றுக்கு 5 பேர்தான். இதைப் பார்த்தால் ஈடியில் வாய்ப்பு மூன்று மடங்கு என்று தோன்றும். ஆனால் அந்த 898க்குள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உங்கள் மகளைப் போன்ற ஒரு சாதாரண நல்ல மாணவிக்குக் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு நிஜம்தான், ஆனால் அந்த அட்டவணை காட்டும் அளவுக்கு இல்லை. 14 சதவீதம் என்பதையே எடுத்துக்கொண்டாலும் நூறில் 86 பேர் உள்ளே போகவில்லை. எந்தக் கன்சல்டன்ட்டும் இதைப் பாதி வாய்ப்பாக மாற்ற முடியாது. மாற்றுவேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வாய்ப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் கடிதத்தில், கிடைத்துவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கேள்வி ஒரு வரிகூட இல்லை. ஈடி ஒப்பந்தத்தில் மகளோடு நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள். விலை கேட்காமல் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்களா? உதவித்தொகை போதவில்லை என்றால் விடுவிக்கக் கேட்கலாம் என்பது சரிதான். ஆனால் முடிவு வருவது டிசம்பர் நடுவில், மற்ற கல்லூரிகளின் ரெகுலர் கெடு பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம். இடம் கிடைத்த சந்தோஷத்தில் வீடே நிறைந்திருக்கும்போது "கட்டுப்படியாகாது" என்று மகளிடம் சொல்ல உங்களால் முடியாது. இன்னொரு கல்லூரியின் சலுகையைக் காட்டிப் பேரம் பேசவும் வழி இருக்காது.

உங்களால் முடிந்த தொகையைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். முதலில் பிடித்தத்தை 5 சதவீதத்துக்கு ஏற்றுகிறோம். அதனால் மாத மிச்சம் 1,700லிருந்து 1,500 ஆகும். நான்கு வருடத்துக்கு 72,000. 529ல் 60,000. மகள் அமெரிக்கக் குடிமகள், அதனால் அவள் பெயரில் மத்திய அரசின் மாணவர் கடன் நான்கு வருடத்தில் 27,000 வரை கிடைக்கும். மொத்தம் 1,59,000. வருடத்துக்கு ஏறக்குறைய 40,000 டாலர். பழைய கடன்கள் முடியும்போது மிஞ்சும் தவணைப் பணத்தை இதில் சேர்க்கவில்லை. கட்டணம் வருடா வருடம் ஏறுமே, அதற்கு அது இருக்கட்டும்.

இந்த மாதிரித் தனியார் பல்கலைக்கழகங்களில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து முழு விலை வருடத்துக்கு 90,000ஐத் தாண்டிவிட்டது. உதவியே இல்லாமல் போனால் வருடத்துக்கு 50,000 துண்டு விழும், நான்கு வருடத்தில் இரண்டு லட்சம் டாலர். சகலை இந்தப் பள்ளத்தை, மத்திய அரசு பெற்றோருக்குத் தரும் பேரண்ட் பிளஸ் கடனால் நிரப்பியிருக்கலாம். உங்களுக்கு அந்த வழியே கிடையாது. அந்தக் கடன் வாங்கப் பெற்றோர் குடிமக்களாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களாகவோ இருக்க வேண்டும். அவர்களுக்கும்கூட 2026 ஜூலை முதல் புதுக் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். ஆகவே அவர் மகன் போன பாதையை உங்கள் மகளுக்குக் காட்டாதீர்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

முழு விலையைக் கேட்டு மனம் தளரவும் வேண்டாம். பிரவுன் குடும்பத்தின் தேவையைக் கணக்கிட்டு அதை முழுதும் ஈடுகட்டுகிறது, தன் உதவியில் கடனைச் சேர்ப்பதில்லை. ஆனால் தேவை எவ்வளவு என்று முடிவுசெய்வது அவர்கள். ஒவ்வொரு கல்லூரியின் இணையப் பக்கத்திலும், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், 2011லிருந்து அது சட்டப்படி கட்டாயம். வரித் தாக்கல் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினால் அரை மணி நேரம்கூட ஆகாது. வேளச்சேரி ஃபிளாட்டை மறைக்காதீர்கள். கல்லூரிகள் கேட்கும் உதவிப் படிவமான சிஎஸ்எஸ் ப்ரொஃபைலிலும், மத்திய அரசின் உதவிப் படிவமான ஃபாஃப்சாவிலும் வெளிநாட்டில் வாடகைக்கு விட்ட வீடும் சொத்துதான். 1.1 கோடி என்றால் சுமார் 1,20,000 டாலர். அதில் 5 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டிய பங்கில் ஏறும் என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 6,000. இதை விட்டுவிட்டு நிரப்பினால் கால்குலேட்டர் இனிப்பான ஒரு தொகையைக் காட்டும், டிசம்பரில் வரும் கடிதம் வேறு தொகையைச் சொல்லும்.

ஐயுஎல் பற்றி ஒரு வார்த்தை. பாலிசியில் சேரும் பணத்தை ஃபாஃப்சா கேட்பதில்லை என்று நண்பர் சொல்வது சரிதான். உங்கள் 401கேயில் இருக்கும் பணத்தையும்தான் கேட்பதில்லை! இந்த பாலிசிகளில் முதல் பத்து வருடம், சிலவற்றில் அதற்கும் மேல், இடையில் எடுத்தால் சரண்டர் கட்டணம் பிடிப்பார்கள். பத்து மாதத்தில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இது எப்படிப் படிப்புத் திட்டம் ஆகும்? நியூஜெர்சியில் நம் குடும்பங்களில் இதைக் 'காலேஜ் பிளான்' என்று விற்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. உயிர்க் காப்பீடு வேண்டுமென்றால் சாதாரண டேர்ம் பாலிசி எடுங்கள்.

இந்த வார இறுதியில் மகளையும் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து பிரவுனின் கால்குலேட்டரை நிரப்புங்கள். 40,000 என்ற வரம்பை மகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். தொகை 40,000க்குள் வந்தால் தைரியமாக ஈடி போடட்டும், கட்டுரையைப் பள்ளி ஆங்கில ஆசிரியரும் கவுன்சலரும் பார்த்துத் தருவார்கள். 50,000ஐத் தாண்டினால் ஈடி வேண்டாம். ரெகுலரில் போடட்டும், மார்ச் கடைசியில் வரும் சலுகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எதுவானாலும் நியூஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸின் எர்லி ஆக்ஷனுக்கு நவம்பர் 1க்குள் விண்ணப்பம் போகட்டும். இடம் கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் அதில் இல்லை, உள்மாநில மாணவிக்கு மொத்தச் செலவும் ஏறக்குறைய உங்கள் வரம்புக்குள் அடங்கும். ஈடி போட்டால் மற்ற இடங்களுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கலாமா என்ற விதியை மட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் 401கே பிடித்தத்தை 5 சதவீதத்துக்கு மாற்றுங்கள். கால்குலேட்டர் காட்டும் தொகை 40,000க்கும் 50,000க்கும் இடையில் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். வேளச்சேரி ஃபிளாட்டின் வாடகை, அதன்மேல் கடன் ஏதும் இருக்கிறதா என்ற விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அதை விற்றால் கணக்கு எப்படி மாறும் என்று பார்த்துச் சொல்கிறேன்.