பனிச்சறுக்குக்கு ஒரு குளிர்காலம் – கடிதம்

வணக்கம் சார்,

இமயமலைப் பகுதிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வயது 29. வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் வேலை. வரும் ஏப்ரலில் ஐந்து வருடம் நிறையும். போன பிப்ரவரியில் தோழிகளோடு மணாலி போனபோது சோலாங்கில் ஒரு மணி நேரம் பனிச்சறுக்குப் பலகை மாட்டிக்கொண்டு நின்றேன். சறுக்கியதைவிட விழுந்ததுதான் அதிகம். ஆனாலும் அன்றிலிருந்து மனசு வேறு எதிலும் ஒட்டவில்லை.

அக்டோபரில் வேலையை விட்டுவிட்டு டிசம்பர் முதல் மார்ச் வரை குல்மார்க்கில் தங்கி முறையாகக் கற்றுக்கொள்ள ஆசை. ஆறு லட்சம் சேமிப்பு இருக்கிறது, கடன் இல்லை. அப்பா "கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்கிறார். நான் காலை ஒடித்துக்கொண்டு வந்து நிற்பேன் என்பது அம்மாவின் பயம். வேலையை விடுவது சரியா? மதுரை வெயிலில் வளர்ந்த உடம்பு தாங்குமா? இங்கிருந்தே என்னென்ன வாங்கிப் போக வேண்டும்? இதற்கு வெளிநாடு போவது மேலா?

ஒரு வாசகி,
நாகமலை புதுக்கோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகப் போங்கள். ஆனால் வேலையை விட வேண்டாம், நான்கு மாதமும் வேண்டாம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை எட்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள்.

நான்கு மாதம் வேண்டாம் என்பதற்குக் காரணம் பனி. காஷ்மீரில் 'சில்லாய் கலான்' என்று சொல்லும் கடுங்குளிரின் நாற்பது நாள் டிசம்பர் 21-ல்தான் தொடங்குகிறது. குளிர் மட்டும் இருந்து பயனில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் ஈரத்தையும் கொண்டுவர வேண்டும். அவை வராத வருடம், வடகிழக்குப் பருவமழை பொய்த்த கண்மாய் மாதிரி மலை காய்ந்து கிடக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் மாதக் கடைசி வரை அப்படித்தான் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைப் பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். டிசம்பரிலேயே போய் உட்கார்ந்தால் காசு கரையும், பலகை மாட்ட வழி இருக்காது. எட்டு வாரத்துக்கும் மொத்தமாக முன்பணம் கட்டி அறை பிடிக்காதீர்கள். வாரக் கணக்கில், தேதி மாற்றித் தருகிற இடமாகப் பாருங்கள். 13 கிலோமீட்டர் கீழே இருக்கும் தங்மார்க்கில் வாடகை குறைவு. ஆனால் பனி கொட்டும் நாளில் அங்கிருந்து மேலே போக, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 வண்டியோதான் வேண்டும். தினமும் ஏறி இறங்கும் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து வேலை. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். உங்களுக்கு ஏப்ரலில்தான் அது நிறைகிறது. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்கினால் வருவது பணிக்கொடை. அந்தக் கூட்டுத்தொகை 40,000 என்றால் ஐந்து ஆண்டுக்கு 1,15,384 ரூபாய். அக்டோபரில் ராஜினாமா செய்தால் இந்தத் தொகையை நீங்களே விட்டுக்கொடுப்பதாக ஆகும். விடுப்பில் போனால் பணித்தொடர்ச்சி அறுவதில்லை. ஆனால் விடுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். மேனேஜர் வாயால் சொல்லும் "பாத்துக்கலாம்மா" செல்லாது. போகும் தேதி, திரும்பும் தேதி, திரும்பியதும் அதே பணிநிலை, அந்த இரண்டு மாதமும் குழு மருத்துவக் காப்பீடு தொடருமா என்ற நான்கையும் எச்.ஆர். மின்னஞ்சலில் வாங்குங்கள். சம்பளம் இல்லாத மாதங்களில் பி.எஃப். பங்களிப்பு ஏறாது, அவ்வளவுதான். ஏற்கெனவே இருப்பதைத் தொடாதீர்கள்.

விடுப்பு மறுத்தால் ஏப்ரல் தாண்டும் வரை பொறுத்து, அதற்குப் பிறகு முடிவெடுங்கள். இந்தக் குளிர்காலத்துக்கு, கையில் இருக்கும் விடுப்பை வைத்து இரண்டு வாரப் பயிற்சி மட்டும் முடித்துவிடலாம். ஒரு மணி நேர சோலாங் அனுபவத்தை வைத்து எட்டு வாரத்தைத் திட்டமிடுவதைவிட அது எனக்கு உவப்பாகவும் படுகிறது.

எட்டு வாரம் போவதானாலும் முதல் இரண்டு வாரம் பயிற்சி வகுப்புதான். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. பஹல்காமைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவாஹர் மலையேற்ற நிறுவனமும் குல்மார்க்கில் வகுப்பு நடத்துகிறது. மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாயி பெயரிலான நிறுவனம் சோலாங் சரிவில் கற்றுத்தருகிறது. காஷ்மீர் என்ற பெயர்தான் அப்பாவை உறுத்துகிறதென்றால் உத்தராகண்டின் ஔலியில் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற மாநில அரசு நிறுவனத்தின் வகுப்பு இருக்கிறது. அடிவார ஊரான ஜோஷிமத்தில் 2023-ல் நிலம் புதைந்ததிலிருந்து ஔலிக்கு ரோப்கார் இல்லை, சாலைதான். அரசு வகுப்புகளில் தங்குமிடம், சாப்பாடு, உபகரணம், ஆசிரியர் எல்லாம் பெரும்பாலும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பும் என்பதால் அறிவிப்பு வந்ததுமே விண்ணப்பியுங்கள்.

வகுப்பில் முதல் இரண்டு மூன்று நாள் சறுக்குவது சொற்பம். விழுவது, எழுவது, பலகையோடு பக்கவாட்டில் சரிவேறுவது, இவைதான் பாடம். பிறகு பலகைகளின் முன்நுனிகளைக் கூட்டி, வால்களை அகற்றி, உள்விளிம்பை அழுத்தி வேகம் குறைக்கும் 'ஸ்னோபிளவ்'. அதே நிலையில் ஒரு காலில் பாரத்தைக் கூட்டினால் திரும்பும். இந்த நிலையை மிதமான சரிவில் பயமில்லாமல் தொடர்ந்து செய்ய இரண்டு வாரம் ஆகும். பலகைகளை இணையாக வைத்துத் திரும்புவது அதற்கப்புறம்தான். எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பது. சாய்ந்தால் முன்நுனியில் பாரம் இருக்காது, பலகை சொன்ன பேச்சைக் கேட்காது, தொடை பத்து நிமிடத்தில் எரியும். கணுக்காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கில் எப்போதும் அழுந்திக்கொண்டே இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டில் எலும்பைவிட ஏ.சி.எல். என்கிற முழங்கால் ஜவ்வுக்குத்தான் கண்டம் அதிகம். அது கிழிந்து அறுவை சிகிச்சை செய்தால் மறுபடி சறுக்க ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். பின்னால் உட்காருவது போல விழுந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய், சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் காலை அதன் பலகையின் வால் உள்பக்கமாகத் திருகும்போது அது கிழிகிறது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் கைகளை முன்னால் கொண்டுவந்து, கால்களைச் சேர்த்து, பக்கவாட்டில் விழுங்கள். நகர்ந்துகொண்டிருக்கும்போது எழ முயலக் கூடாது, முழுதாக நின்ற பிறகுதான் எழ வேண்டும். கையில் பிடித்திருக்கும் ஊன்றுகோலையும் கைவிட்டுவிடுங்கள். கோலைப் பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரலின் ஜவ்வு போகும்.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது காலை விடுவிக்க வேண்டிய கருவி. எந்த விசையில் விட வேண்டும் என்பதற்கு அதில் ஒரு எண் உண்டு, 'டின்' என்பார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், சறுக்கும் திறன் ஆகிய ஐந்தையும் வைத்து அதை அமைப்பார்கள். அந்த நீளம் பூட்ஸின் குதிகால் பக்கம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். வாடகைக் கடையில் கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் பைண்டிங் வேண்டாத இடத்தில் கழன்றுகொள்ளும். 'நடுத்தர அனுபவம்' என்று அளந்துவிட்டால் கழல வேண்டிய இடத்தில் கழலாது. முந்தின ஆள் விட்டுப்போன எண்ணோடு அப்படியே எடுத்து நீட்டும் கடையும் உண்டு, நின்று மாற்றச் சொல்லி வாங்குங்கள். பூட்ஸ் அடியில் பனிக்கட்டி ஒட்டியிருக்கும்போது மாட்டினால் அமைத்த கணக்கே தப்பாகிவிடும். ஒவ்வொரு முறையும் கோலால் தட்டிச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

பூட்ஸ்தான் பலரை இரண்டாம் நாளே அறையில் முடக்கிப் போடுவது. அதன் அளவெண் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். பாதம் 24.5 என்றால் பூட்ஸும் 24.5. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்னால் லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. உள்ளுறையோடு மாட்டி நிமிர்ந்து நின்றால் விரல் முட்ட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விலக வேண்டும். வலிக்கிறதென்று ஒரு அளவு பெரிதாக எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. உள்ளே கால் வழுக்கும், அதைப் பிடிக்கக் கொக்கிகளை இறுக்குவீர்கள், ரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும். செருப்பிலேயே வளர்ந்த நம் கால்களுக்கு முன்பக்க அகலம் கூடுதலாக இருக்கலாம். நீளத்தைக் கூட்டாமல் அகல அச்சுள்ளதைக் கேளுங்கள். சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியது. இரண்டு போட்டால் குளிர் கூடும். பலகையை வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் வாரமும் ஆசை குறையாமல் இருந்தால் பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

மதுரையிலிருந்து வாங்கிப்போக வேண்டியவை கொஞ்சம்தான். கம்பளி அல்லது செயற்கை இழையில் உள்ளாடை இரண்டு ஜோடி (பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது), எஸ்.பி.எஃப். 50 களிம்பு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. கறுத்த தோலுக்கு வெயில் சுடாது என்று நம்பாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கம், தாடையின் கீழ்ப்பக்கமும் பூச வேண்டும்.

உடம்பு தாங்கும். குல்மார்க் 2,650 மீட்டர், நம் கொடைக்கானலே 2,100 இருக்கும். முதல் இரண்டு நாள் தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். தயாராக வேண்டியது தொடை. சறுக்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. ஏறும் பயிற்சியைவிட இறங்கும் பயிற்சிதான் அதற்கு ஒத்தது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகள் இருக்கின்றன. வாரம் இருமுறை சாதாரணமாக ஏறி, ஒரு படிக்கு மூன்று எண்ணி, சத்தமில்லாமல் இறங்குங்கள். வீட்டில் சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி நிலை 45 நொடி வீதம் நான்கு முறை, ஒற்றைக்காலில் நின்று படியிலிருந்து இறங்குவது காலுக்குப் பத்து வீதம் மூன்று சுற்று. பின்தொடையை விடாதீர்கள். முழங்கால் ஜவ்வுக்குத் துணை அதுதான். மல்லாந்து படுத்து, குதிகாலை நாற்காலியில் ஊன்றி இடுப்பைத் தூக்கும் பயிற்சி போதும். அக்டோபரில் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.

குல்மார்க்கின் கேபிள் காரான கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். படமெடுத்துவிட்டு அதிலேயே இறங்குங்கள். அங்கிருந்து சறுக்குவது இந்த வருடத்துக்கு இல்லை. 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் பனிச்சரிவு அதிகம், அங்கே அந்தச் சரிவுகள்தான் இருக்கின்றன. 2023, 2024 இரண்டு பிப்ரவரியிலும் அனுமதித்த சறுக்குப் பகுதியைத் தாண்டிப்போன வெளிநாட்டவர் அங்கே இறந்தார்கள். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டினால்தான் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். அதற்கு உடன் இருப்பவர் ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, குத்திப்பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும், அவற்றில் பழக்கமும் வேண்டும். வழிகாட்டியிடம் மட்டும் இருந்தால், புதைவது அவராக இருக்கும்போது என்ன செய்வீர்கள்?

காப்பீட்டில் ஒரு வரியைப் படியுங்கள். இந்தியாவின் வழக்கமான மருத்துவ பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கு 'தொழில்முறையாக' ஈடுபடுபவருக்கு என்றுதான் இருக்கும். கற்றுக்கொள்பவர் அதில் வரமாட்டார். தனிநபர் விபத்து பாலிசியில் அப்படி இல்லாமல், குளிர்கால விளையாட்டை ஒட்டுமொத்தமாகவே நீக்கியிருக்கலாம். கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாடு இப்போது வேண்டாம். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான், வேலையும் பார்க்க முடியாது. அல்மாட்டி பக்கம் ஷிம்புலாக் நல்ல சரிவு, ஆனால் கஜகஸ்தானில் விசா இல்லாமல் ஒரு தடவைக்கு 14 நாள். பிடித்துப்போய் முழுப் பருவமும் வேலை பார்த்துக்கொண்டே சறுக்க வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் 462 விசா இருக்கிறது. 2024-லிருந்து இந்தியர்களுக்கும் உண்டு. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல், வயது 18 முதல் 30 வரை. அங்கே பருவம் ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. உங்களுக்கு 29 ஆகிறது என்பதால் அந்தக் குலுக்கலுக்கு மட்டும், பதிவு திறந்ததும் பெயர் கொடுத்துவைக்கலாம்.

அறையில் விறகு எரிக்கும் புகாரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிந்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், தூங்கும்போது அணைத்துவிடுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லும். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு-காஷ்மீரில் வேலை செய்யாது, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். ஸ்ரீநகரில் இறங்கின அரை மணியில் போன் எடுக்காவிட்டால் அம்மா எனக்கே கடிதம் போட்டுவிடுவார்.