அமினோ அமிலப் பொடி, ஓடும் பிள்ளைக்குத் தேவையா?

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது. 800 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறான். கடும் பயிற்சியால் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ ஏற்பட்டுத் தசை கெட்டுவிடும் என்றும், பி.சி.ஏ.ஏ. என்னும் அமினோ அமிலப் பொடி அதைத் தடுக்கும் என்றும் உடன் ஓடும் பிள்ளைகள் சொல்கிறார்களாம். வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி ஒருவர், நாமக்கல்

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. பிள்ளைகள் சொன்னதில் முதல் பாதி ஓரளவு உண்மைதான். கடுமையாக உழைக்கும் தசையில் ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் பெருகுகின்றன; அவை மிகுந்துபோவதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். களைத்து விழும்வரை ஓடவிடப்பட்ட எலிகளின் தசையில் அவை அதிகரிப்பதை 1982-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆனால், அளவோடு உண்டாகும் அந்த அழுத்தம்தான் ‘அடுத்த முறைக்குத் தயாராகு’ என்று தசைக்குப் போகும் தகவலாகவும் இருக்கிறது. 2009-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஃப்ரீ ரேடிக்கல்களைக் கட்டுப்படுத்தும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் எடுத்துக்கொண்டவர்களுக்கு, இன்சுலின் செயல்திறனில் பயிற்சியால் கிடைக்க வேண்டிய முன்னேற்றம் கிடைக்காமல் போயிற்று.

பொடிக்கு வருவோம். அதில் இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் அடிப்படைக் கூறுகளில் மூன்று. ஃப்ரீ ரேடிக்கல்களைச் சமாளிக்க உடல் தானே தயாரித்துக்கொள்ளும் முக்கியப் பொருளான குளூட்டாதயோனோ குளூட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் ஆகியவற்றால் ஆனது. பொடியில் உள்ள மூன்றில் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை. பயிற்சிக்குப் பிந்தைய தசைவலியும், தசை சேதமடையும்போது ரத்தத்தில் கூடும் கிரியேட்டின் கைனேஸ் நொதியும் பி.சி.ஏ.ஏ.யால் சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால், வலி சற்றுக் குறைவதும் ஓட்ட நேரம் குறைவதும் ஒன்றல்ல. தசை வளர்வதற்கோ, உணவிலிருந்தே பெற வேண்டிய ஒன்பது அமினோ அமிலங்களும் தேவை.

முட்டைக்குப் பேர்போன ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்குச் சிறு வியப்பு! நான்கு முட்டைகளில் ஏறக்குறைய 5 கிராம் பி.சி.ஏ.ஏ. இருக்கிறது, ஒரு கரண்டிப் பொடியில் இருப்பதும் பெரும்பாலும் அதே அளவை ஒட்டித்தான். முட்டையில் சிஸ்டீனும் சேர்ந்தே கிடைக்கிறது. கடும் பயிற்சி எடுப்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். முட்டை, பால், தயிர், பருப்பு, சுண்டல், மீன் எனப் பிரித்துக் கொடுத்தால் இதை எட்டிவிடலாம்.

இன்னொன்று, சில பொடிகளில் மேலுறையில் குறிப்பிடாத தடைசெய்யப்பட்ட பொருள்கள் கலந்திருப்பது உண்டு. போட்டியின்போது நடக்கும் ஊக்கமருந்துப் பரிசோதனையில் அது தெரியவந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்ற விளக்கம் தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, பறிபோன பதக்கத்தைத் திருப்பித் தராது.

கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, வலி தாங்க முடியாமல், சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.